கொன்றவர் சொந்தக் குடிமகன், பழி குடியேறியவர் மேல்: பிரான்ஸின் குடியுரிமைப் பறிப்புச் சர்ச்சை

ஐரோப்பாவில் எங்கே பயங்கரவாதத் தாக்குதல் நடந்தாலும், இறந்தவர்களின் எண்ணிக்கை தெரிவதற்கு முன்பே ஒரு கேள்வி கிளம்பிவிடுகிறது: செய்தவன் எந்த நாட்டுக்காரன்? பதில் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. எல்லையை மூடு, அகதிகளைத் திருப்பி அனுப்பு, குடியுரிமையைப் பிடுங்கு என்ற குரல்கள் அதற்குள் எழுந்துவிடும். சில நாள் கழித்து, தாக்கியவர் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று தெரியவரும். அப்புறமும் அந்தக் குரல்கள் அடங்குவதில்லை.

ஏன் அடங்குவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள 2015–16 பிரான்ஸைவிடப் பொருத்தமான களம் இல்லை. தாக்கியவர்களில் பெரும்பாலோர் சொந்தக் குடிமக்கள் என்று தெரிந்த பிறகு, அப்படிப்பட்டவர்களைச் சட்டத்தின் மூலம் அந்நியராக்கிவிட முடியுமா என்று ஒரு நாடே நான்கு மாதத்துக்கும் மேல் விவாதித்தது. குற்றவாளியைத் தண்டிப்பதாகத் தொடங்கிய அந்த விவாதம், எந்தக் குற்றமும் செய்யாத பல லட்சம் பேரின் குடியுரிமை எவ்வளவு உறுதியானது என்ற கேள்வியில் போய் நின்றது.

முதலில் சில சொற்கள்

செய்திகளில் இந்தச் சொற்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடப்படுகின்றன. குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

1. குடியேறியவர்: பிரெஞ்சுப் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, வெளிநாட்டில் வெளிநாட்டவராகப் பிறந்து இப்போது பிரான்ஸில் வாழ்பவர். பின்னாளில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றாலும் இந்தக் கணக்கில் அவர் குடியேறியவர்தான். 2021-இல் இவர்கள் சுமார் 70 லட்சம் பேர், மக்கள்தொகையில் 10 சதவீதத்துக்குச் சற்று மேல். மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் ஏற்கெனவே பிரெஞ்சுக் குடிமக்கள்.

2. வெளிநாட்டவர்: பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாதவர். பிரான்ஸிலேயே பிறந்த குழந்தைகூடச் சில காலம் வெளிநாட்டவராக இருக்கலாம். பெற்றோர் இருவரும் வெளிநாட்டில் பிறந்த வெளிநாட்டவர் என்றால், பிரான்ஸில் பிறந்த பிள்ளைக்குப் பொதுவாக 18 வயதில், அங்கே வசித்து வந்திருந்தால், குடியுரிமை கிடைக்கிறது.

3. அகதி: துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டைவிட்டு வந்து, பாதுகாப்புக்குத் தகுதியானவர் என்று ஏற்கப்பட்டவர். விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர் தஞ்சம் கோருபவர்.

4. குடியேறியவர்களின் பிள்ளைகள்: பிரான்ஸில் பிறந்தவர்கள், பெரும்பாலும் பிரெஞ்சுக் குடிமக்கள். இவர்கள் எங்கிருந்தும் வந்தவர்கள் அல்லர். ஆனால் தொலைக்காட்சி விவாதங்களில் ‘வந்தவர்கள்’ என்று அதிகம் சுட்டப்படுவது இவர்களைத்தான்.

2015 ஜனவரி: பூர்விகம் ஒன்று, ஆட்கள் வேறு

2015 ஜனவரி 7 முதல் 9 வரை பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் 17 பேர் கொல்லப்பட்டார்கள். சார்லி எப்தோ பத்திரிகை அலுவலகத்தைத் தாக்கிய குவாஷி சகோதரர்கள் பாரிஸில் பிறந்தவர்கள், பெற்றோர் அல்ஜீரியாவிலிருந்து வந்தவர்கள். யூதர்களுக்கான கோஷர் சூப்பர் மார்க்கெட்டில் நான்கு பேரைக் கொன்ற அமதி கூலிபாலி பாரிஸின் தெற்குப் புறநகரில் பிறந்தவர், பெற்றோர் மாலி நாட்டினர்.

அதே கடையில் வேலை பார்த்த லசானா பத்திலியும் மாலிக்காரர்தான். ஆனால் அவர் பிரான்ஸில் பிறந்தவர் அல்லர். 16 வயதில் வந்து, சில ஆண்டுகள் அனுமதி ஆவணம் இல்லாமல் இருந்து, பிறகு வசிப்பிட அனுமதி பெற்றவர். முஸ்லிம். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் வாடிக்கையாளர்கள் சிலரைக் கீழ்த்தளத்துக் குளிர்பதன அறைக்குள் ஒளிய வைத்துவிட்டு, சரக்கு லிஃப்ட் வழியாக வெளியே வந்து போலீசாருக்குக் கடையின் அமைப்பைச் சொன்னார். வெளியே வந்ததும் போலீசார் முதலில் செய்தது அவருக்கு விலங்கு மாட்டியதுதான். கூட்டாளி என்று நினைத்துவிட்டார்கள். ஜனவரி 20-ஆம் தேதி அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வழங்கப்பட்டது.

கொன்றவர் பிறப்பால் பிரான்ஸ்காரர். காப்பாற்றியவர் குடியேறியவர். இருவரின் பூர்விகமும் ஒரே நாடு. எல்லையை மூடியிருந்தால் தடுக்கப்பட்டிருக்கக் கூடியவர் பத்திலி, கூலிபாலி அல்ல.

இறந்தவர்கள் பட்டியலையும் பார்க்க வேண்டும். சார்லி எப்தோ அலுவலகத்துக்கு வெளியே நடைபாதையில் சுட்டுக் கொல்லப்பட்ட போலீஸ்காரர் அகமது மெராபே அல்ஜீரியக் குடும்பத்தவர். உள்ளே இறந்த பிழைதிருத்துநர் முஸ்தபா உராத் அல்ஜீரியாவில் பிறந்து, நெடுங்காலம் பிரான்ஸில் வாழ்ந்து, இறப்பதற்குச் சற்று முன்புதான் குடியுரிமை பெற்றவர்.

நவம்பர் 13-உம் ஒரு சிரியப் பாஸ்போர்ட்டும்

அதே ஆண்டு நவம்பர் 13 இரவு நடந்தது இன்னும் பெரியது. தேசிய விளையாட்டரங்க வாசலிலும், காபிக் கடைகளிலும், பத்தக்லான் இசை அரங்கிலும் 130 பேர் கொல்லப்பட்டார்கள். பத்தக்லானில் மட்டும் 90 பேர். விளையாட்டரங்கத்துக்கு அருகே தன்னை வெடித்துக்கொண்ட ஒருவரின் உடலருகே சிரியப் பாஸ்போர்ட் ஒன்று கிடைத்தது. அதை வைத்திருந்தவர் அக்டோபர் 3-ஆம் தேதி கிரேக்கத் தீவான லேரோஸில் அகதிகளோடு வந்திறங்கிப் பதிவு செய்துகொண்டவர் என்பது உறுதியானது.

ஐரோப்பாவுக்குள் லட்சக்கணக்கான சிரியர்கள் நடந்து வந்துகொண்டிருந்த இலையுதிர் காலம் அது. அந்த ஒரு பாஸ்போர்ட் போதுமானதாக இருந்தது. அகதிகளைப் பகிர்ந்து ஏற்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டத்தை இனி ஏற்க முடியாது என்று போலந்தில் பதவியேற்கவிருந்த அரசின் அமைச்சர் மறுநாளே சொன்னார். அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநில ஆளுநர்கள் சிரிய அகதிகள் தங்கள் மாநிலத்துக்கு வேண்டாம் என்றார்கள். ஆறே நாளில், சிரிய, ஈராக்கிய அகதிகள் வருவதைக் கடினமாக்கும் மசோதா அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் 289-க்கு 137 என்ற வாக்கில் நிறைவேறியது.

விசாரணையில் வெளிவந்த படம் வேறு. பாஸ்போர்ட் போலி. அதை வைத்திருந்தவரும் அவரோடு வந்த இன்னொருவரும் சிரியர்கள் அல்லர், ஈராக்கியர்கள் என்று பின்னர் தெரிந்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு அல்லது பெல்ஜியக் குடிமக்கள். ஒருங்கிணைத்த அப்தெல்ஹமீத் அபவூத் பெல்ஜியத்தில் பிறந்தவர். உயிரோடு பிடிபட்ட ஒரே தாக்குதல்காரரான சலா அப்தெஸ்லாம் பிரஸ்ஸல்ஸில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அகதிகள் வந்த பாதையை இந்தக் குழு பயன்படுத்திக்கொண்டது உண்மை. ஈராக்கியர் இருவர் மட்டுமல்ல, சிரியாவில் சண்டையிட்டுவிட்டுத் திரும்பிய ஐரோப்பியர்களும் அந்தக் கூட்டத்துக்குள் கலந்து வந்தார்கள். எல்லையில் சோதனை பலவீனமாக இருந்தது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு சோதனை செய்ய வேண்டியவர்கள் மேல் போக வேண்டும். அதே படகில், தாக்குதலை நடத்திய அதே ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) அமைப்பிடமிருந்து தப்பி வந்தவர்கள் மேல் அது எப்படிப் போய் விழுந்தது?

இதில் ஐஎஸ் அமைப்புக்கே ஒரு கணக்கு இருந்தது, ஊகம் இல்லை. தங்கள் ஆட்சியைவிட்டு ஐரோப்பாவுக்கு ஓடுவது பெரும்பாவம் என்று அது தன் பத்திரிகையில் எழுதியது. மேற்கு நாடுகளில் முஸ்லிம்களும் மற்றவர்களும் சேர்ந்து வாழும் இடைவெளியை அழிக்க வேண்டும், தாக்குதல்களால் வரும் எதிர்வினை அந்த முஸ்லிம்களை ஏதாவது ஒரு பக்கம் சேரும்படி தள்ளும் என்றும் 2015 தொடக்கத்திலேயே வெளிப்படையாக எழுதியிருந்தது. ஆக, அகதிகள் மேல் பழி விழுவது தாக்குதலின் எதிர்பாராத பக்க விளைவு அல்ல. திட்டத்தின் ஒரு பகுதி.

பழி தாவுவது எப்படி?

மூன்று தாவல்கள் நடக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் தப்பு தெரிந்துவிடும், சேர்த்து வேகமாகச் சொன்னால் தெரியாது.

1. ‘தாக்கியவர்களில் பலர் குடியேறிய குடும்பத்தினர்’ என்பது உண்மை. ‘குடியேறிய குடும்பத்தினரில் பலர் ஆபத்தானவர்கள்’ என்பது வேறு வாக்கியம். முதலாவதிலிருந்து இரண்டாவது வராது. ஒரு பேச்சுக்கு, தாக்குதல்களில் ஈடுபட்ட குடியேறியவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். 70 லட்சத்தில் அது 70,000 பேருக்கு ஒருவர். இந்த விகிதத்தை வைத்துக்கொண்டு யாரையும் முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது.

2. பாதை என்ன என்று கேட்காமல் பூர்விகம் என்ன என்று மட்டும் கேட்பது. கூலிபாலியும் குவாஷி சகோதரர்களில் இளையவரும் பழகியது ஃப்ளூரி-மெரோஜிஸ் சிறையில். சலா அப்தெஸ்லாமும் அவர் சகோதரரும் பிரஸ்ஸல்ஸின் மோலன்பேக் பகுதியில் நடத்திய மதுக்கடை போதைப்பொருள் காரணமாக மூடப்பட்டது. சில்லறைக் குற்றம், சிறை, சகோதரர்களும் நண்பர்களும் சேர்ந்த சிறு குழு, சிரியப் பயணம் என்ற வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. இதை எப்படிப் படிப்பது என்பதில் பிரெஞ்சு அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. தீவிரமாக வேண்டும் என்று அலையும் இளைஞர்கள் இஸ்லாமிய உடை போட்டுக்கொள்கிறார்கள் என்கிறார் ஒலிவியே ருவா. புறநகர்களில் பரவிய, இஸ்லாமில் கடும் தூய்மைவாதம் பேசும் சலஃபிக் கருத்தியலைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்கிறார் ழீல் கெப்பல். இருவரும் பேசுவது பிரான்ஸுக்குள் நடந்ததைப் பற்றி.

3. சிலரது குற்றம் தனிமனிதக் குற்றம், சிலரது குற்றம் சமூகக் குற்றம் என்று பார்ப்பது. 1998 பிப்ரவரியில் பிரான்ஸின் கோர்சிகா தீவில் அரசுப் பிரதிநிதியாக இருந்த குளோத் எரிஞாக்கைக் கோர்சிகத் தேசியவாதிகள் நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார்கள். அதுவும் பயங்கரவாதம்தான். கோர்சிகர்கள் பல்லாயிரம் பேர் அதைக் கண்டித்து ஊர்வலம் போனார்கள். ‘கோர்சிகர்களைப் பிரெஞ்சுக்காரர்களாக வைத்திருக்கலாமா’ என்பது அப்போது நாட்டின் விவாதமாகவில்லை.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தத் தாவல் புதிதல்ல. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, முகாம்களில் இருந்த இலங்கைத் தமிழ் அகதிகள் மேல் சந்தேகம் கவிந்தது. 1992 ஜனவரியில் அவர்களைத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது.

பிறப்பால் குடிமகனானவரிடமிருந்து குடியுரிமையைப் பறிக்க முடியுமா?

நவம்பர் தாக்குதல் முடிந்த மூன்றாம் நாள், அதிபர் பிரான்சுவா ஒல்லாந்த் வெர்சாய் அரண்மனையில் இரு அவைகளையும் கூட்டிப் பேசினார். நெருக்கடி நிலையை நீட்டிப்பது ஒரு அறிவிப்பு. இன்னொன்று, பயங்கரவாதக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் பிறப்பால் பிரெஞ்சுக்காரராக இருந்தாலும், அவருக்கு வேறொரு நாட்டுக் குடியுரிமை இருந்தால், பிரெஞ்சுக் குடியுரிமையைப் பறிக்க அரசியல் சாசனத்தைத் திருத்துவது.

‘பிறப்பால்’ என்பதுதான் புதியது. ஏனென்றால் பிற்காலத்தில் குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து அதைப் பறிக்கும் சட்டம் ஏற்கெனவே இருந்தது. பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அது. பயங்கரவாதத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர், குற்றம் குறிப்பிட்ட கால வரம்புக்குள் நடந்திருந்து, நாடற்றவராகிவிட மாட்டார் என்றால், குடியுரிமையை இழக்கலாம். இந்தப் பிரிவு செல்லும் என்று பிரான்ஸின் அரசமைப்பு மன்றம் 2015 ஜனவரி 23-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அந்த அக்டோபரில் ஐந்து பேரின் குடியுரிமை இதன்படி பறிக்கப்பட்டது.

ஆனால் குவாஷிகளும் கூலிபாலியும் பத்தக்லான் கொலையாளிகளும் பிரான்ஸில் பிறந்து வளர்ந்தவர்கள். 25-ஆம் பிரிவு அவர்களைப் போன்றவர்களுக்கு எழுதப்பட்டதல்ல. எனவே சட்டத்தின் எல்லைக்கோட்டை நகர்த்த வேண்டியிருந்தது.

இதனால் பயங்கரவாதம் குறையுமா? தன்னை வெடித்துக்கொள்ளப் போகிறவர் பாஸ்போர்ட்டை இழப்போம் என்று பயப்படப் போவதில்லை. அரசே அப்படிச் சொல்லவில்லை. இது ஓர் அடையாள நடவடிக்கை என்றுதான் பிரதமர் மனுவேல் வால்ஸ் வாதாடினார். அடையாளம் என்றால், யாருக்கு எதைச் சொல்லும் அடையாளம் என்ற கேள்வி வரும். அதற்கு அரசிடம் தெளிவான பதில் இல்லை என்பதே என் கணிப்பு. வால்ஸ் பார்சிலோனாவில் பிறந்து 20 வயதில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். தாக்குதலுக்கு உள்ளான பாரிஸின் அப்போதைய மேயர் ஆன் இதால்கோ ஸ்பெயினில் பிறந்தவர், பிரெஞ்சு, ஸ்பானிய இரட்டைக் குடியுரிமை உள்ளவர்.

இரட்டைக் குடியுரிமை: யாருடைய சட்டம்?

இந்த விவாதத்தில் சரியாக விளக்கப்படாமல் போன பகுதி இதுதான். இரட்டைக் குடியுரிமை என்றதும், ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைத்துக்கொள்ள ஒருவர் தானே விரும்பி எடுத்த முடிவு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை.

மொராக்கோ நாட்டின் சட்டப்படி மொராக்கோக்காரரின் பிள்ளை எங்கே பிறந்தாலும் மொராக்கோக்காரர்தான். முன்பு தந்தை வழியில் மட்டும் இருந்தது, 2007-இலிருந்து தாய் வழியிலும் வருகிறது. அதை விட்டுவிடுவது நடைமுறையில் ஏறக்குறைய முடியாத காரியம். பிரான்ஸின் லியோன் நகரில் பிறந்து, மொராக்கோவை ஒருமுறைகூடப் பார்க்காத, அரபி பேசத் தெரியாத ஒருவர், கேட்காமலேயே இரட்டைக் குடிமகன்.

இப்போது தமிழர்களைப் பார்ப்போம். பிரெஞ்சிந்தியப் பகுதிகள் 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, அங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சில ஆயிரம் பேர் அப்படி வைத்துக்கொண்டார்கள். புதுச்சேரியில் இன்றும் பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களிக்கும் தமிழ்க் குடும்பங்கள் இருப்பது இதனால்தான். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எனவே இவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் மட்டுமே. பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் கடை வைத்திருக்கும் இலங்கைத் தமிழர் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கினால், தனியாக விண்ணப்பித்து அனுமதி பெறாதவரை, இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார்.

சரி, இதிலிருந்து என்ன வருகிறது? பிரான்ஸில் பிறந்த இருவர் ஒரே குற்றத்தைச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் பெற்றோர் மொராக்கோவிலிருந்து வந்தவர்கள், இன்னொருவரின் பெற்றோர் புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள். ஒல்லாந்தின் முதல் வடிவத்தின்படி முதலாமவர் குடியுரிமையை இழப்பார், இரண்டாமவர் இழக்க மாட்டார். இருவரும் செய்ததில் வேறுபாடு இல்லை. மொராக்கோவின் தலைநகர் ரபாத்தும் டெல்லியும் எழுதிவைத்த சட்டங்களில்தான் வேறுபாடு. பிரெஞ்சுக் குடிமகன் ஒருவருக்கு என்ன தண்டனை என்பதை இன்னொரு நாட்டின் சட்டம் முடிவு செய்கிறது.

‘தோற்றம், இனம், மதம் என்ற வேறுபாடின்றிக் குடிமக்கள் அனைவரும் சட்டத்தின் முன் சமம்’ என்பது பிரெஞ்சு அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு. அதே சாசனத்துக்குள் இந்தத் திருத்தத்தை நுழைக்க வேண்டியிருந்தது.

விஷியின் நிழல்

குடியுரிமைப் பறிப்பு என்றதும் பிரெஞ்சுக்காரர்கள் பலர் பதறியதற்கு இன்னொரு காரணம் உண்டு. முதல் உலகப் போரின்போது, 1915-இல், எதிரி நாட்டுப் பூர்விகம் உள்ளவர்களைக் குறிவைத்து ஒரு பறிப்புச் சட்டம் வந்தது. பிறகு 1940-இல் ஜெர்மனியிடம் தோற்று விஷி நகரில் அமைந்த அரசு, ஜூலை 22-ஆம் தேதியே ஒரு சட்டம் போட்டது. 1927-க்குப் பிறகு குடியுரிமை பெற்ற அனைவரின் கோப்புகளும் மறு ஆய்வுக்கு வந்தன. சுமார் 15,000 பேர் குடியுரிமையை இழந்தார்கள், அவர்களில் ஆயிரக்கணக்கானோர் யூதர்கள். அல்ஜீரியாவில் வாழ்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களின் குடியுரிமை அந்த அக்டோபரில் ஒரே சட்டத்தில் போயிற்று. லண்டனிலிருந்து போராடிய ஷார்ல் து கோலின் குடியுரிமையையும் விஷி அரசு பறித்தது.

ஒல்லாந்தை எதிர்ப்பாளர்கள் சிலர் விஷி ஆட்சியோடு ஒப்பிட்டது மிகை. அவருடைய திருத்தம் நீதிமன்றத் தண்டனைக்குப் பிறகுதான் செல்லுபடியாகும், விஷிக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. ஆனால் ஒரு கருவி கையில் வந்தால் அடுத்த ஆட்சி அதை என்ன செய்யும் என்ற கேள்வி மிகை இல்லை. 2010-இல் போலீசாரைக் கொல்லும் வெளிநாட்டுப் பூர்விகத்தினரின் குடியுரிமையைப் பறிக்கலாம் என்று அப்போதைய அதிபர் நிக்கோலா சர்கோஸி சொன்னபோது எதிர்த்தவர்களில் ஒல்லாந்தும் ஒருவர்.

திருத்தம் எப்படி விழுந்தது?

டிசம்பர் 23-ஆம் தேதி அமைச்சரவை மசோதாவை ஏற்றது. அதை எதிர்த்த நீதித்துறை அமைச்சர் கிறிஸ்டியான் தொபிரா 2016 ஜனவரி 27-ஆம் தேதி பதவி விலகினார். அவர் தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான கயானாவில் பிறந்தவர். அதன் பிறகு மசோதா மாட்டிக்கொண்ட சிக்கலை இப்படிச் சொல்லலாம்:

1. இரட்டைக் குடிமக்களுக்கு மட்டும் என்றால், பிரெஞ்சுக் குடிமக்களில் முதல் தரம், இரண்டாம் தரம் என்று இரண்டு வகை உண்டாகும்.

2. அனைவருக்கும் என்றால், ஒரே குடியுரிமை உள்ளவர் நாடற்றவராவார். நாடற்ற நிலையைக் குறைக்க 1961-இல் வந்த ஐ.நா. உடன்படிக்கையில் பிரான்ஸ் கையெழுத்துப் போட்டிருக்கிறது, முறைப்படி ஏற்று உறுதி செய்யவில்லை. என்றாலும் ஆட்களை நாடற்றவர்களாக்கும் நாடு என்ற பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

3. பிரெஞ்சு அரசியல் சாசனத்தைத் திருத்த இரு அவைகளும் ஒரே வாசகத்தை நிறைவேற்ற வேண்டும். பொது வாக்கெடுப்பு இல்லாமல் நாடாளுமன்ற வழியில் போனால் அதற்கப்புறம் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவும் வேண்டும்.

கீழவையான தேசிய அவை இரட்டைக் குடியுரிமை என்ற சொல்லையே நீக்கிவிட்டு, பிப்ரவரி 10-ஆம் தேதி 317-க்கு 199 என்ற வாக்கில் நிறைவேற்றியது. வலதுசாரிகள் பெரும்பான்மையாக இருந்த மேலவையான செனட், யாரும் நாடற்றவராகக் கூடாது என்று சொல்லி, மார்ச் 22-ஆம் தேதி இரட்டைக் குடிமக்களுக்கு மட்டும் என்று மாற்றியது. முதல் சிக்கலைத் தவிர்த்தவர்கள் இரண்டாவதில் விழுந்தார்கள், இரண்டாவதைத் தவிர்த்தவர்கள் முதலாவதில். மார்ச் 30-ஆம் தேதி ஒல்லாந்த் திருத்தத்தைக் கைவிட்டார். ஆண்டு இறுதியில், மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்த உரையில், தனக்கு இருக்கும் ஒரே வருத்தம் இதை முன்மொழிந்ததுதான் என்றார்.

பிரிட்டன் வேறு பாதையில் போனது. 15 வயதில் லண்டனிலிருந்து சிரியாவுக்குப் போன ஷமீமா பேகத்தின் குடியுரிமையை 2019-இல் உள்துறை அமைச்சர் பறித்தார். பிறந்தது லண்டனில். பெற்றோர் வழியில் அவருக்கு வங்கதேசக் குடியுரிமை உண்டு என்பது பிரிட்டனின் வாதம், அவர் எங்கள் குடிமகள் அல்ல என்றது வங்கதேசம். நீதிமன்றங்களில் பிரிட்டிஷ் அரசே வென்றது.

மக்கள் எப்படி நடந்துகொண்டார்கள்?

2014-இல் பிரான்ஸில் பதிவான முஸ்லிம் எதிர்ப்புச் செயல்களும் மிரட்டல்களும் 133. 2015-இல் 429. பள்ளிவாசல் சுவர்களில் எழுதியது முதல் தாக்கியதுவரை இதில் அடக்கம். புகார் கொடுக்காமல் விட்டவை இந்த எண்ணில் வராது.

இதை மட்டும் வைத்து, நாடே வெறுப்பில் மூழ்கியது என்று எழுதினால் தவறாகும். பிரான்ஸின் தேசிய மனித உரிமை ஆலோசனை ஆணையம் ஆண்டுதோறும் சிறுபான்மையினர் குறித்த மனப்பான்மையை அளந்து ஒரு சகிப்புத்தன்மைக் குறியீடு வெளியிடுகிறது. 2015 தாக்குதல்களுக்குப் பிறகு அது சரியவில்லை, உயர்ந்தது. 2005-இல் புறநகர்க் கலவரங்களுக்குப் பிறகு அதே குறியீடு சரிந்திருந்தது. வெறுப்புச் செயல்கள் பெருகிய அதே காலத்தில் பொதுமக்களின் மனப்பான்மை நெகிழ்ந்தது முரணாகத் தெரியலாம். செயல்களில் இறங்குவது ஒரு சிறு கூட்டம், கருத்துக்கணிப்பு அளப்பது மொத்த மக்களை.

ஒரு தாக்குதலைத் தலைவர்களும் ஊடகங்களும் எந்தச் சட்டகத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்பதே பெரும்பாலும் விளைவைத் தீர்மானிக்கிறது என்று இந்தக் குறியீட்டை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். 2015 ஜனவரி 10, 11 தேதிகளில் நாடெங்கும் சுமார் 40 லட்சம் பேர் ஊர்வலம் போனார்கள். பேச்சு கருத்துச் சுதந்திரம், குடியரசு என்ற திசையில் இருந்தது. நவம்பருக்குப் பிறகு அதைக் குடியுரிமையின் திசைக்குத் திருப்பியது ஒரு சோஷலிச அரசு, தீவிர வலதுசாரிகள் பல காலமாகக் கேட்டுவந்த கோரிக்கையைக் கையில் எடுத்து.

எதிர்வாதத்தில் இருக்கும் உண்மை

எல்லாத் தாக்குதலும் உள்நாட்டில் பிறந்தவர்களால் நடந்தவை அல்ல. 2016 ஜூலை 14 அன்று நீஸ் நகரில் லாரி ஏற்றி 86 பேரைக் கொன்றவர் வசிப்பிட அனுமதியோடு வாழ்ந்த துனிசியர். அங்கே முதலில் இறந்தவர்களில் மொராக்கோவில் பிறந்த ஒரு முஸ்லிம் தாயும் உண்டு. 2020 அக்டோபரில் பள்ளி ஆசிரியர் சாமுவேல் பத்தியைக் கொன்றவர் ரஷ்யாவின் செச்சென் இனத்தைச் சேர்ந்த அகதிக் குடும்பத்து இளைஞர். அதே மாதம் நீஸ் தேவாலயத்தில் கொன்றவர் இத்தாலியின் லம்பெதூசா தீவு வழியாக ஐரோப்பாவுக்குள் வந்து சில வாரமே ஆன துனிசியர். 2023 அக்டோபரில் அராஸ் நகரில் ஆசிரியர் தொமினிக் பெர்னாரைக் கொன்றவர் ரஷ்யாவில் பிறந்தவர்.

எனவே ‘குடியேற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை’ என்று சொல்வது நேர்மையல்ல. குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிய எச்சரிக்கை இருந்தும் கண்காணிப்பு ஏன் தவறியது, வெளியேற்ற ஆணை ஏன் நிறைவேறவில்லை என்பவை பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள். அவை ஆளைப் பற்றிய கேள்விகள், கோப்பும் தேதியும் உள்ளவை. குழுவைப் பற்றிய பழிக்குக் கோப்பு கிடையாது, அதனால் அதை யாராலும் மறுக்கவும் முடிவதில்லை.

அராஸ் கொலைக்குப் பிறகு நடந்தது இதைக் காட்டுகிறது. ஏற்கெனவே நாடாளுமன்றத்தில் இருந்த குடியேற்ற மசோதா, அந்தச் சூழலில் மேலும் இறுகி டிசம்பரில் நிறைவேறியது. பிரான்ஸில் வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு வயது வந்ததும் குடியுரிமை தானாக வராது, அவர்களே கேட்டுப் பெற வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. 1993-இலிருந்து 1998 வரை நடைமுறையில் இருந்த விதி அது. அராஸ் கொலையாளி பிரான்ஸில் பிறந்தவரே அல்ல. 2024 ஜனவரி 25-ஆம் தேதி அரசமைப்பு மன்றம் அந்தச் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான பிரிவுகளை நீக்கியபோது இதுவும் போனது. கருத்தளவில் தவறு என்பதால் அல்ல, மசோதாவின் மூலப் பொருளோடு தொடர்பில்லாமல் இடையில் சேர்க்கப்பட்டது என்ற நடைமுறைக் காரணத்தால். தனி மசோதாவாகக் கொண்டுவர அந்தத் தீர்ப்பு தடையில்லை.

25-ஆம் பிரிவு இன்றும் இருக்கிறது. 2015 அக்டோபரில் குடியுரிமை இழந்த ஐவரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய் 2020-இல் தோற்றார்கள். சலா அப்தெஸ்லாமுக்கு 2022 ஜூன் 29-ஆம் தேதி, வெளியே வர ஏறக்குறைய வழியே இல்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பிரெஞ்சுச் சட்டம் தருவதில் அதற்கு மேல் கடுமையான தண்டனை கிடையாது. அதை விதிக்க அவருடைய குடியுரிமையைத் தொட வேண்டிய தேவை வரவில்லை.